துட்டி கேட்பது உம் வேலையாக இருந்தது

நேற்று காலை திருவேங்கடத்திலிருந்து ஒரு பெண் நம் கடைக்கு வந்தார். சேலை எடுக்க வரவில்லை. உமக்காக என்னிடம் துட்டி கேட்க வந்தார். டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த களைப்பு. பெஞ்சில் உட்கார்ந்து, "எப்படி ஆச்சு அண்ணாச்சி?" என்றார். அவர் யாரென்றே எனக்குத் தெரியாது.

சாவு விழுந்த வீட்டுக்குப் போய் விசாரிக்கும் அந்தத் துட்டி, நம் கூட்டு வியாபாரத்தில் முழுக்க உம்முடைய வேலை. வாடிக்கைக்காரர் வீட்டில், தறிக்காரர் வீட்டில் யார் போனாலும் நீர் கிளம்பிவிடுவீர். நான் கல்லாவில் இருப்பேன். அரை நாள் வீணாகிறதே என்று எனக்கு எரியும். போன் போட்டுக் கேட்டால் ஆகாதா, நேரில் போய் அப்படி என்னதான் கேட்கிறீர் என்று ஒருமுறை சண்டைக்கே வந்தேன். நீர் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னீர்:

"எப்படி ஆச்சுன்னு கேப்பேன், வே. வேற என்னத்தக் கேக்க? பத்து பேருகிட்டச் சொன்ன பொறவுதான் அவங்களுக்கே அது நடந்ததுன்னு புத்தியில ஏறும்."

அதற்குப் பஸ் சார்ஜ் வேறா என்று கேலி செய்தேன்.

அந்தப் பெண்ணின் மாமியார் இறந்தபோது நீர் போயிருந்தீராம். "நீங்க ரெண்டு பேருமாத்தான கேட்டிய. கடையில ஆளில்ல, அவருக்கும் சேத்துத்தான் வந்தேன்னு சொன்னாரே" என்றார். நான் மிதிக்காத வாசல்களில் எல்லாம் என் பெயரையும் சொல்லி வைத்திருக்கிறீர். நீர் கண்ணை மூடிய இந்த மூன்று வாரத்தில் புளியங்குடியிலிருந்துகூட ஆள் வந்துவிட்டது. எல்லோரும் இதையேதான் சொல்கிறார்கள்.

வந்தவர்களுக்கெல்லாம் ஒரே மாதிரி சொல்லிவந்தேன்: நெஞ்சு கரிக்கிறது என்றீர், தண்ணீர் குடித்தீர், சாய்ந்துவிட்டீர். நடுவில் ஒன்றை விட்டுவிடுவேன். நீர் வீட்டுக்குப் போகிறேன் என்றபோது, லாரி நிற்கிறது, பண்டலை ஏற்றிவிட்டுப் போம் என்று நான் சொன்னதை. முன்பின் தெரியாத அந்தப் பெண்ணிடம், ஏனோ, அதையும் சொல்லிவிட்டேன். அவர் தண்ணீர்த் தம்ளரை என் பக்கம் நகர்த்தி வைத்தார். துட்டிக்கு வந்தவர்கள் சொல்லிக்கொண்டு போவதில்லை; அவரும் அப்படியே எழுந்து போனார்.

மத்தியானமே கடையை அடைத்துவிட்டு உம் வீட்டுக்குப் போனேன். அடக்கத்தன்று கூட்டத்தோடு நின்றதுதான்; அதன்பிறகு மதினி முகத்தை நான் நேராகப் பார்க்கவில்லை.

"ஊரே வந்து கேட்டாச்சு. கூட இருந்தது நீங்க. நீங்க மட்டும் எங்கிட்ட இன்னும் ஒண்ணும் சொல்லல" என்றார்.

சொன்னேன், பண்டலையும் சேர்த்து. மதினி முழுவதையும் கேட்டார். பிறகு, "நீங்க சொல்லாட்டியும் அவுக ஏத்திட்டுத்தான் வந்திருப்பாக. ஆனாலும் நீங்க சொல்லியிருக்க வேண்டாம்" என்றார்.

இரண்டாவதாகச் சொன்னதுதான் நியாயம். அதை நான் இறக்கி வைக்கப் போவதில்லை.

உம் பங்குக்கு ஒரு தொகை கொடுத்துத் தீர்த்துவிடலாம் என்ற எண்ணத்தோடுதான் போனேன்; என் புத்தி உமக்குத் தெரியாததா. மதினி ஒத்துக்கொள்ளவில்லை. பேசி முடித்தது இது: கடை பழையபடி கூட்டாகவே நடக்கும். லாபத்தில் பாதி மாதாமாதம் மதினி கையில். துட்டிக்கு இனி நான் போக வேண்டும், நேரில். போனில் கேட்டால் செல்லாது.