பாட்டின் கடைசி வரி

கில்மோரன்,
ஜனவரி 27.

அன்பு மகள் கிர்ஸ்டிக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அங்கே நியூசிலாந்தில் வெயில் கொளுத்துகிறது என்றாய். இங்கே பனி முழங்கால் வரை. நீ அனுப்பிய கம்பளிச் சட்டை வந்து சேர்ந்தது. அப்பாவுக்குத் தோளில் கொஞ்சம் தொளதொளவென்று இருக்கிறது. அளவு நீ சரியாகத்தான் எடுத்திருக்கிறாய். அவர்தான் இளைத்துவிட்டார்.

போனில் பேசாமல் கடிதம் எழுதுகிறேனே என்று பார்க்காதே. போன் மணி அடித்தாலே அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறார். அவரைப் பற்றி அவர் காதுபடப் பேச எனக்கு வாய் வருவதில்லை. இப்போது அடுப்புப் பக்கத்தில் தூங்குகிறார். அவர் விழிப்பதற்குள் எழுதி முடிக்க வேண்டும்.

நம் நாட்டுக் கவிஞரின் பிறந்த திருநாள் விருந்தில் இந்த வருஷம் அப்பாவைப் பாட்டுச் சொல்ல விடாதே, ஊர் சிரிக்கும் என்று நீ கண்டித்துச் சொல்லியிருந்தாய். நான் விட்டேன். கோபப்படாமல் முழுவதும் படி.

அப்பாவின் மறதியைப் பற்றி டாக்டர் சொன்னதை அக்டோபரிலேயே உனக்குச் சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு நிலைமை மெல்ல இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது. போன வாரம் ஒரு காலை, பஸ் டிரைவர் தொப்பியை மாட்டிக்கொண்டு ஆலைப் பாலத்தருகே பனியில் நின்றிருந்தார். பள்ளிக்கூட பஸ்ஸை யாரோ எடுத்துப் போய்விட்டார்கள், பிள்ளைகள் காத்திருப்பார்கள் என்று தவித்தார். ஓய்வு பெற்று எவ்வளவோ காலமாயிற்று என்று நான் சொல்லவில்லை. இன்றைக்கு விடுமுறை என்று சொல்லி அழைத்து வந்தேன்.

ஆனால் அந்தப் பாட்டு மட்டும் அவரிடம் அப்படியே இருந்தது, கிர்ஸ்டி. குளிக்கும்போது கதவுக்கு வெளியே நின்று கேட்பேன். விருந்துத் தட்டில் இருக்கும் ஹாக்கிஸைப் பார்த்துக் கவிஞர் பாடிய அத்தனை வரியும் தலைகீழ்ப் பாடம். ஒரு சொல் பிசகாது. ஈரத் தலையோடு வெளியே வந்து, என் பேர் சட்டென்று வராமல், "இந்தாம்மா, துண்டு எங்கே" என்பார்.

பழைய ஹெட்மாஸ்டர் டெனன்ட் ஒரு மாலை வீட்டுக்கு வந்தார். அவர் இப்போது விருந்துக் கமிட்டித் தலைவர். டூகல் இந்த வருஷம் ஓய்வெடுக்கட்டும், பாட்டை நானே சொல்கிறேன் என்று பக்குவமாகத்தான் சொன்னார். அந்தப் பாட்டின் மேல் அவருக்கு எத்தனை வருஷத்து ஆசை என்று ஊருக்கே தெரியும். உன் அப்பா பேப்பரிலிருந்து தலையைக்கூடத் தூக்கவில்லை.

"நான் போன பிறகு நீங்க சொல்லுங்க வாத்தியாரே. அதுவரைக்கும் சமையல்கட்டுல டர்னிப் கிழங்கு மசிக்கிற வேலை காலியா இருக்கு" என்றார்.

மூளை எங்கே போனாலும் வாய் போகவில்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பில்தான், சரி, அவரே சொல்லட்டும் என்று தலையாட்டினேன்.

சனிக்கிழமை ஊர்மன்றம் நிறைந்திருந்தது. கனடாவிலிருந்து பூர்வீகம் தேடி வந்த ஒரு தம்பதிகூட இருந்தார்கள். இறைச்சிக் கடை மொய்ராதான் ஹாக்கிஸுக்கு ஈரல், நெஞ்சு, ஓட்ஸ், மிளகு எல்லாம் சேர்த்து ஆட்டு இரைப்பைக்குள் திணித்துத் தைத்துக் கொடுத்தாள். வேகவைக்கும் பொறுப்பு எனக்கு. ஊசியால் நாலு இடத்தில் குத்திவிட வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே ஆவி கட்டிக்கொள்ளும் என்று உனக்குத் தெரியாததா. எனக்குக் கவலையில் கை காலே ஓடவில்லை. குத்த மறந்துவிட்டேன்.

பைப் வாத்தியம் வாசிப்பவர் முன்னால் நடக்க, தட்டில் ஹாக்கிஸ் வந்தது. எல்லாரும் எழுந்து நின்று தாளத்துக்குக் கைதட்டினார்கள். உன் அப்பா கட்டம் போட்ட கில்ட் பாவாடையும் கறுப்புக் கோட்டும் போட்டுக்கொண்டு கத்தியோடு நின்றார். ஆரம்பித்தார் பார், அதே பழைய குரல். முதல் வரியிலேயே மன்றம் அடங்கிப்போனது.

கத்தியைத் துடைத்து ஓங்கும் இடம் வந்தது. கை ஓங்கியது. வரி வரவில்லை.

ஓங்கிய கை அப்படியே நின்றது. அவர் கண் மேஜையில் தேடியது, விளக்கில் தேடியது, கடைசியில் என் முகத்தில் வந்து நின்றது. எனக்குத் தெரியும் அந்த வரி. ஆனால் பாட்டுச் சொல்பவருக்கு அடியெடுத்துக் கொடுப்பது நம் ஊரில் கன்னத்தில் அறைவதற்குச் சமம். உதட்டைக் கடித்துக்கொண்டேன். டெனன்ட் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். முடிந்தது, பாட்டை வாங்கிக்கொள்ளப் போகிறார், இவர் மானம் இன்றோடு கப்பலேறியது என்று நினைத்தேன்.

அவர் உன் அப்பாவைப் பார்க்கவே இல்லை. மன்றத்தைப் பார்த்தார். காலையில் பள்ளிக்கூட வாசலில் நின்று அதட்டுவாரே, அதே குரல்.

"பஸ் ஆலைப் பாலத்துல நிக்குது. ஏற வேண்டியது யாரு?" என்றார்.

ஒரு கணம் யாருக்கும் புரியவில்லை. பிறகு மொய்ரா எழுந்தாள். ஆலைப் பாலத்தில் ஏறும் பிள்ளை அவள்தானே. ஜனவரி வந்தால் உன் அப்பா பஸ்ஸில் நடத்திய கூத்து உனக்கு நினைவிருக்கும். ஏறுகிற ஒவ்வொரு பிள்ளையும் அந்தப் பாட்டில் அடுத்த வரியைச் சொன்னால்தான் உட்காரலாம். யாருடைய வரி எது என்பது நிறுத்தத்தின் வரிசைப்படி. மொய்ராவுக்கு இப்போது பேரன் இருக்கிறான். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒன்பது வயசில் சொன்ன மாதிரியே மூச்சு விடாமல் தன் வரியை, உன் அப்பா தொலைத்த அதே வரியை, சொன்னாள்.

உன் அப்பாவின் முகம் மலர்ந்தது. "மொய்ரா, உள்ள போ, கதவடைக்கணும்" என்றார். கத்தி இறங்கியது. நான் குத்த மறந்த ஹாக்கிஸ் படாரென்று வெடித்து, டெனன்ட்டின் வெள்ளைச் சட்டை முழுக்கச் சூடாக அப்பியது. அவர் துடைக்கக்கூட இல்லை. "அடுத்து சர்ச் முனை" என்றார்.

சர்ச் முனைக்கு ஒருவன் எழுந்தான். கல்குவாரித் தெருவுக்கு அக்காவும் தம்பியும் எழுந்தார்கள். ஒருவர் வரியைச் சொல்லி உட்கார, இன்னொருவர் எழ, பின் வரிசைவரை பாட்டு அறுபடாமல் போனது. தாடி நரைத்தவர்கள், முட்டி வலிக்காரர்கள், வங்கி மானேஜர், எல்லாரும் அவர் ஏற்றிப் போன பிள்ளைகள். பஸ் கண்ணாடியில் பார்ப்பதுபோல உன் அப்பா தலையை லேசாகச் சாய்த்து, ஒவ்வொருவருக்கும் தலையாட்டினார். ஒவ்வொருவரையும் பேர் சொன்னார், கிர்ஸ்டி. அன்று காலையில் பால்காரர் யாரென்று என்னைக் கேட்டவர், ஒரு பேர்கூடத் தவறவிடவில்லை. இத்தனை வருஷம் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தும், இந்த மனிதர் எவ்வளவு பெரியவர் என்று அன்றுதான் பார்த்தேன். அவர் தொலைத்துக்கொண்டிருப்பதை எல்லாம் ஊர் தன்னிடம் பத்திரமாக வைத்திருந்திருக்கிறது.

இப்படியே கடைசி வரி வந்தது.

அது யாருடையது என்று உனக்குத் தெரியும். முதலில் ஏறுபவள் நீ, ஆனால் டிரைவர் மகளுக்குச் சலுகை கிடையாது, பள்ளிக்கூட வாசலில்தான் உன் வரி என்பார். நீ அதற்குள் முன் சீட்டில் தூங்கிப்போயிருப்பாய்.

அவர் தன் இடப்பக்கம் குனிந்தார். அங்கே யாரும் இல்லை. மெதுவாகத்தான் சொன்னார், ஆனால் மன்றம் முழுவதற்கும் கேட்டது.

"கிர்ஸ்டி, ஸ்கூல் வந்திடுச்சு. எழுந்திரு கண்ணு."

அங்கிருந்த எல்லாருக்கும் அந்த வரி தெரியும். யாரும் வாயைத் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. அது அடுத்தவர் எடுத்துக்கொள்கிற வரி இல்லை என்று யாரும் யாருக்கும் சொல்லாமலே எல்லாருக்கும் தெரிந்திருந்தது. டெனன்ட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், சட்டையை அல்ல.

உன் அப்பா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "அசந்து தூங்கறா. எழுப்ப வேணாம். வண்டி நிக்கட்டும்" என்றார். கத்தியை வைத்தார். டெனன்ட் விஸ்கியை உயர்த்தினார். பாட்டு முடியாமலே அன்றைக்கு நாங்கள் ஹாக்கிஸ் சாப்பிட்டோம். இந்த ஊரில் இதற்குமுன் அப்படி நடந்ததாக யாரும் சொல்லவில்லை.

கனடாக்காரர்களுக்கு ஒரே பூரிப்பு. எத்தனை அழகான வழக்கம், எத்தனை காலமாக நடக்கிறது என்று கேட்டார்கள். தாத்தா காலத்திலிருந்தே இப்படித்தான் என்று மொய்ரா கூசாமல் சொன்னாள். பொய் சொன்ன பிள்ளைகளை வெயிலென்றும் மழையென்றும் பாராமல் வெளியே நிறுத்திய டெனன்ட், மார்பில் ஹாக்கிஸோடு, ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்.

மறுநாள் காலை உன் அப்பா என்னிடம் விருந்து என்றைக்கு என்று கேட்டார். கில்ட்டை எடுத்து இஸ்திரி போட வேண்டுமாம். இன்னும் நாள் இருக்கிறது என்றேன். குளியலறையில் பாட்டைத் தொடங்கினார். கடைசி வரிக்கு முன்னால் நிறுத்திவிட்டார். மறந்து நிறுத்தவில்லை, எனக்கு அந்த வித்தியாசம் தெரியும். இன்றும் அங்கேதான் நிறுத்தினார்.

டிசம்பர் விடுமுறையில் பார்க்கலாம் என்று சொல்லியிருந்தாய். உன் வேலை, உன் வீடு எல்லாம் எனக்குத் தெரியாமல் இல்லை. உன்னை அவசரப்படுத்தும் உரிமை எனக்கு இல்லை என்றுதான் இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். டிசம்பரில் நம் வீட்டுக் கதவை நீ தட்டினால், அதைத் திறக்கிற அப்பா யாராக இருப்பார் என்று எனக்குத் தெரியாது, மகளே. இன்றைக்கு அவருக்கு நீ முன் சீட்டில் தூங்கும் பிள்ளை.

அழுதுகொண்டு வராதே. என்ன பேசுவது என்று யோசித்துக்கொண்டும் வராதே. வாசலில் நின்று உன் வரியைச் சொல். மற்றதை அவர் பார்த்துக்கொள்வார்.

எழுந்துவிட்டார் போலிருக்கிறது, தொப்பியைத் தேடுகிற சத்தம் கேட்கிறது. கர்த்தர் உன்னை வழியெல்லாம் காத்துக் கூட்டிவருவாராக. பனியில் ரோடு வழுக்கும், பார்த்து வா. நீ வரும்வரை வண்டி நிற்கும் என்று அப்பா சொல்லிவிட்டார். எவ்வளவு நேரம் நிற்கும் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

உன் வரவுக்கு விளக்கேற்றி வைத்திருக்கும்,
அம்மா எல்ஸ்பெத்