திருப்பி அனுப்பாத பெட்டி

மகளே,

நான் சொல்லச் சொல்ல உன் அம்மா எழுதுகிறாள். ஜப்பானில் ஷிகோகு தீவின் எண்பத்தெட்டுக் கோயில்களையும் ஐம்பத்து மூன்று நாளில் தனியாக நடந்து முடித்துவிட்டு, நேற்றுதான் கொரியாவுக்கு, நம் கோஜே தீவுக்கு வந்தேன். சாமிக்காகப் போகவில்லை. நீ ஒரு ஜப்பான்காரனைக் கட்டிக்கொண்டு போனாயே, அந்த ஜனங்களைப் பார்க்கத்தான் போனேன்.

மூன்றாம் நாள், தோட்டத்திலிருந்து ஒரு கிழவி மண் காலோடு ஓடி வந்து இரண்டு ஆரஞ்சுப் பழம் நீட்டினாள். வேண்டாமென்று கையை ஆட்டினேன். அவள் முகம் வாடிவிட்டது. பின்னால் நடந்து வந்த நம் கொரிய ஆள், பூசான் நகரத்துக்காரன், "பெரியவரே, இங்க நடக்குறவங்க குடுக்குறதை மறுக்கக் கூடாது. உங்களுக்கா குடுக்குறாங்க? உங்க காலுக்குக் குடுக்குறாங்க, வாங்கிக்குங்க" என்றான்.

வாங்கினேன். அவள் என்னைக் கும்பிட்டாள். கொடுத்தவள் கும்பிட்டாள், மகளே. அதன்பிறகு யாராவது ஓடி வராத நாளே இல்லை. அந்த மலைப்பு இன்னும் தீரவில்லை.

வீட்டில் நீ அனுப்பிய பெட்டி இருந்தது. "ஏங்க, வழக்கம்போலத் திருப்பி அனுப்பிடட்டுமா? பதினோரு வருஷமா தபால்காரரு நம்மளாலதான் பிழைக்கிறாரு" என்றாள் உன் அம்மா.

இரண்டு கையாலும் வாங்கிப் பிரித்தேன். ஸ்வெட்டர் தொளதொளவென்று இருக்கிறது. நான் சுருங்கிப்போனது உனக்கு எப்படித் தெரிந்திருக்கும்? வந்து அளந்து பார். மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வா.

அப்பா