ஆற்றோடு போன பிள்ளையின் இரண்டாம் பாகம்

ராத்தா,

முந்தாநாள் தபாலில் ஒரு பொட்டலம் வந்தது. நூலை அறுத்துக் காகிதத்தைப் பிரித்ததும் பசையும் மையும் கலந்த அந்தப் புதுப் புத்தக வாசனை எழும்பிற்று. நீங்கள் இருந்திருந்தால் பின்வாசல் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, புத்தகத்தை முதலில் மூக்கருகே பிடித்திருப்பீர்கள். "மெட்ராஸ் மணக்குது தங்கச்சி" என்பீர்கள். மெட்ராஸை நீங்களும் கண்டதில்லை, நானும் கண்டதில்லை.

வந்திருப்பது நம்முடைய நாவலின் மூன்றாம் பாகம். ஆமாம், மூன்றாவதும் எழுதிவிட்டார் அந்த மனிதர். இரண்டு மத்தியானங்களில் முடித்துவிட்டேன். இரண்டாம் பாகம் முதல் பாகத்தின் கால்தூசிக்கு வராது என்று அன்று கண்டியில் படித்தவர்கள் எல்லோரும் பேசினார்கள். மூன்றாம் பாகம் அந்த இரண்டாம் பாகத்தின் கால்தூசிக்கும் வராது. என்றாலும் ஒரு வரி விடாமல், ஆளில்லாத அறையில் வாய்விட்டே படித்தேன். அந்தக் கதையை மௌனமாகப் படிக்க எனக்கு வரவில்லை.

நான் கலியாணமாகி வந்தபோது எனக்குக் கண்டியில் ஒருவரையும் தெரியாது. அப்பா ஹேவாஹெட்டப் பக்கம் ஒரு தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புவரை படித்ததும், பெட்டியில் கொண்டுவந்த நாலு புத்தகமும்தான் என் சீர். இவர் நகரசபைக் கந்தோருக்கு வேலைக்குப் போய்விட்டால், மழையும் நானுமாக இருப்போம். அப்படி ஒரு மழை நாளில்தான் நீங்கள் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கூப்பிட்டீர்கள்.

"யாரு புள்ள அங்க பேசுற? தனியத்தானே ஈக்கிறா?"

"பேசல்லீங்க. புத்தகம் படிக்கிறேன்."

"அப்ப கொஞ்சம் ஒரத்துப் படி. எனக்கும் கேக்கட்டும்."

அன்றிலிருந்து நீங்கள் எனக்கு ராத்தா, கூடப் பிறக்காத அக்கா. உங்கள் கணவர் எனக்கு நானா, அண்ணன். நானாவின் துணிக்கடைக்குப் பின்னால் உங்கள் வீடு, அதை ஒட்டினாற்போல் எங்கள் வீடு. குர்ஆனையும் அரபுத்தமிழ்க் கிதாபுகளையும் நீங்கள் ஓடும் தண்ணீர்போல் ஓதுவீர்கள். தமிழ் எழுத்தை மட்டும் உங்களுக்கு யாரும் காட்டித் தரவில்லை. மத்தியானம் ளுஹர் தொழுதுவிட்டு, வட்டிலப்பமோ தொதலோ ஒரு கிண்ணத்தில் மூடிக்கொண்டு வருவீர்கள். உங்கள் முந்தானையைப் பிடித்தபடி ரஹீமாவும் வருவாள். வெகுகாலம் காத்திருந்து, நேர்ச்சைகள் வைத்துப் பெற்ற ஒரே பிள்ளை. அவள் உங்கள் மடியில் ஏறிக்கொண்ட பிறகுதான் நான் பக்கத்தைத் திருப்பலாம்.

அந்த நாவலின் முதல் பாகத்தைப் படித்த மாதத்தை நினைத்தால் இன்றும் எனக்கு மேல் சிலிர்க்கிறது. கணவன் சந்தேகப்பட்டு விரட்டிய ஒரு பெண், கைக்குழந்தை அல்ல, நடக்கத் தெரிந்த ஒரு மகனோடு, வெள்ளம் வந்த ஆற்றைக் கடக்கிறாள். நடு ஆற்றில் ஓடம் கவிழ்கிறது. அவள் ஒரு வேரைப் பற்றிக்கொள்கிறாள். மற்றக் கையில் மகனின் கை. அந்தக் கை வழுக்குகிறது. அவ்வளவுதான், முதல் பாகம் முடிந்தது. கடைசிப் பக்கத்தின் அடியில், இரண்டாம் பாகம் விரைவில் வெளிவரும் என்று பொடி எழுத்தில் ஒரு வரி.

நான் புத்தகத்தை மூடியதும் நீங்கள் ரஹீமாவின் கையை இறுக்கிப் பிடித்திருந்தீர்கள். "நோகுது உம்மா" என்று அவள் சொன்ன பிறகுதான் விட்டீர்கள்.

அந்த இரண்டாம் பாகத்துக்காகக் காத்திருந்த காலம் இருக்கிறதே! இவருடைய கந்தோரில் அதுவே பேச்சு. "புள்ள செத்தாத்தான் கதைக்கு மதிப்பு. பொழைச்சு வந்தா அது வெறும் கூத்து" என்பார் இவர். பயாஸ்கோப்பில் தொடர்படம் பார்த்துவிட்டு வரும் நானா, சுவருக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டே, "மொதல் துண்டு போல ரெண்டாம் துண்டு ஒருநாளும் வாறல்ல. இதும் அப்படித்தான் பாருங்கோ" என்பார்.

ரஹீமாவுக்கு மட்டும் காத்திருக்கப் பொறுமை இல்லை. தானே சொல்லத் தொடங்கினாள். அவளுக்குத் தெரிந்த ஆறு மகாவலி ஒன்றுதானே. "அவன் கட்டுகஸ்தோட்டைக்குப் பெய்த்தான். அங்க ஆன குளிச்சிக்கொண்டு ஈந்த. தும்பிக்கையால தூக்கிக் கரையில வெச்ச" என்று ஒருநாள். மறுநாள் அவன் பல்லேகலையில் கரை ஏறி, யாரோ வீட்டில் பலாக்கொட்டை சுட்டுத் தின்றுகொண்டிருந்தான். அதற்கு மறுநாள் ரயிலேறிக் கொழும்புக்கே போய்விட்டான். "அப்ப அவண்ட உம்மா?" என்று நீங்கள் கேட்டால், "அவவும் அந்த ரயில்லதான் ஈக்கிற. மத்தப் பொட்டியில" என்பாள். ஒருநாள்கூட அந்தப் பையனை அவள் ஆற்றில் விட்டதில்லை.

பிறகு அந்த மலேரியா வருடம் வந்தது. மழை பொய்த்து, மகாவலி பாறை பாறையாகத் தெரிந்தது. ஆறுகள் எல்லாம் குட்டைகளாகத் தேங்கி நின்றன. உங்கள் தம்பியின் கலியாணத்துக்காக மாவனல்லைக்குப் போனீர்கள். ரஹீமா புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு, போகுமுன் எனக்குக் காட்டிவிட்டுப் போனாள். காய்ச்சல் அங்கே வீடு வீடாக நுழைந்திருந்தது. ரஹீமாவுக்குக் கொயினா மருந்து கொடுத்தும் கேட்கவில்லை. அவளை அங்கேயே மையவாடியில் அடக்கிவிட்டு நீங்களும் நானாவும் இருவராகத் திரும்பி வந்தீர்கள்.

உங்களைப் பார்க்க வந்த அன்று நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. நீங்கள் தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டு, "அல்லாஹ் தந்த, அல்லாஹ் எடுத்த" என்று ஒருமுறை சொன்னீர்கள். அதற்குப் பிறகு மத்தியானங்களில் நீங்கள் வரவில்லை. நான் புத்தகத்தைத் தொடவில்லை. இவர்கூட அந்தக் கதையைப் பற்றிய பேச்சை நிறுத்திவிட்டார்.

அடுத்த வருடம்தான் இரண்டாம் பாகம் வந்து சேர்ந்தது. இவர் பொட்டலத்தை மேசையில் வைத்துவிட்டு, "நீ மொதல்ல தனியாப் படி" என்று மட்டும் சொன்னார். படித்தேன். பிள்ளை சாகவில்லை. ஒரு மீன்காரன் எடுத்து வளர்க்கிறான். பையன் வளர்ந்து, அதே தாய் கூலிவேலை செய்யும் வீட்டுக்கே வந்து சேர்கிறான். தோளில் ஒரு மச்சம். தாய் மச்சத்தைக் கண்டு மயங்கி விழுகிறாள். முதல் பாகத்தில் வெள்ளத்தின் இரைச்சலைக் காதில் கேட்க வைத்த கை, இதில் கொட்டாவி விட்டுக்கொண்டே எழுதியதுபோல் இருந்தது. ஆனால் எனக்கு அப்போது கதையின் தரமா பெரிது? ராத்தாவுக்கு இதை எப்படிப் படித்துக் காட்டுவது என்பதுதான் என் நெஞ்சில் கல்லாக இருந்தது. பிள்ளை செத்திருந்தால், வேண்டாம் ராத்தா என்று சொல்லிவிடலாம். பிழைத்து வந்தவனின் கதையை, பிள்ளை பிழைக்காத ஒரு தாயின் முன்னால் எந்த வாயால் படிப்பது? இன்னும் வரவில்லை என்று சொல்லிவிடலாம் என்று அலுமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்தேன்.

மூன்றாம் நாள் நீங்களே வந்தீர்கள். அத்தனை மாதத்துக்குப் பிறகு அதே பின்வாசலால்.

"புத்தகம் வந்தீக்காமே. கடைக்கு வந்தவங்க செல்லினாங்களாம். ஏன் ஒளிச்சி வெச்சீக்கிறா?"

"ராத்தா, அது நல்லா இல்ல. எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க."

"நல்லமா நல்லமில்லயா எண்டு நான் கேட்டுத்தானே செல்லோணும். எடு."

நாலைந்து மத்தியானங்கள் படித்தேன். உங்கள் மடி வெறுமையாக இருந்தது. அந்தப் பக்கம் பார்க்காமலே படித்தேன். மச்சத்தைக் காணும் அத்தியாயம் வந்தது. 'மகனே' என்று அந்தத் தாய் கூப்பிடும் இடத்தில் நிறுத்திவிட்டேன்.

"நிப்பாட்டாத. படி."

படித்தேன். முடித்தேன். தலதா மாளிகையில் மாலைப் பூசைக்கு மேளம் தொடங்கியிருந்தது. நீங்கள் அழுவீர்கள், அல்லது ஒரு சொல்லும் இல்லாமல் எழுந்து போவீர்கள் என்று பயந்துகொண்டிருந்தேன். நீங்களோ என் கையிலிருந்து புத்தகத்தை வாங்கி, உங்களுக்குப் படிக்கத் தெரியாத அந்த எழுத்துக்களின் மேல் உள்ளங்கையை வைத்தீர்கள். காய்ச்சல் பார்க்கிறவர்கள் நெற்றியில் கை வைப்பதுபோல.

"பாவம் இந்த மனுஷன்" என்றீர்கள். "ஆத்துல உட்ட புள்ளய அவரால அப்படியே உட்டுட்டுப் போக ஏலாமப் பெய்த்தீக்கி."

எனக்கு விளங்கவில்லை. "கதை உங்களுக்குப் பிடிச்சிருக்கா ராத்தா?"

"கத நல்லமில்ல புள்ள. மனுஷன் நல்லம்."

உங்கள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. அந்த வருடம் முழுவதும் நான் காணாத சிரிப்பு. "எண்ட புள்ள செல்லின ஆனக் கத இத உட எவ்வளவு நல்லம். அவ இந்த மச்சம் கிச்சம் ஒண்டும் வெக்கல்ல." அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதுதான் கண்ணீர் வந்தது. சிரிப்பும் நிற்கவில்லை, கண்ணீரும் நிற்கவில்லை. மாவனல்லையிலிருந்து வந்த பிறகு அவளைப் பற்றி நீங்கள் வாய் திறந்தது அன்றைக்குத்தான். விளக்கு வைக்கிற நேரம்வரை அவள் சொன்ன முடிவுகளை ஒவ்வொன்றாக இருவரும் நினைவுபடுத்திச் சொன்னோம். ரயிலில் மற்றப் பெட்டியில் தாய் இருந்ததை நான்தான் நினைவுபடுத்தினேன்.

அன்றிரவு இவர் கேட்டார், ராத்தா என்ன சொன்னாங்க என்று. சொன்னேன். "கந்தோர்ல நாங்க அத்தனை பேரும் பேசினோமே, ஒருத்தனுக்கும் இது தோணலியே" என்றார். எனக்கும் தோன்றவில்லை. இரண்டு வருடமாக ஊரில் ஒவ்வொருவரும் மனசுக்குள் ஓர் இரண்டாம் பாகம் எழுதி வைத்துக்கொண்டிருந்தோம். அந்த மனிதருடைய பாகம் அத்தனையோடும் போட்டி போடவேண்டியிருந்தது. அதில் அது தோற்றதைத்தான் நாங்கள் பார்த்தோம். எழுதியவன் ஏன் தோற்றான் என்று பார்க்க, இழக்கக் கூடாததை இழந்த நீங்கள் வரவேண்டியிருந்தது. உங்களிடம் இல்லாமற்போன ஒன்றை இன்னொருத்திக்குக் கொடுத்தவனை நீங்கள் வாழ்த்தினீர்கள். அவ்வளவு இடம் ஒரு மனசில் எங்கிருந்து வந்தது ராத்தா? இன்றும் அந்த இடத்தை நினைத்தால் பெரிய மலையடிவாரத்தில் நிற்பதுபோல் இருக்கிறது எனக்கு.

பிறகு, யாரும் எதிர்பாராமல், உங்களுக்கு மறுபடி ஒரு பெண்பிள்ளை பிறந்தது. நாற்பதாம் நாள் தெருவே உங்கள் வீட்டில் இருந்தது. பிள்ளையைத் தூக்கிய ஒவ்வொருத்தியும் அதே வார்த்தையைத்தான் சொன்னாள். அதே மூக்கு, அதே கண். அல்லாஹ் ரஹீமாவைத் திருப்பித் தந்துவிட்டான். அவளுடைய பேரையே வையுங்கள் என்று உங்கள் மாமியும் சொன்னார். நானும் தலையாட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன்.

நீங்கள் பிள்ளையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, "ரஹீமா அல்லாஹ்ட்ட ஈக்கிறா. இவ வேற" என்றீர்கள். பிறகு என்னைப் பார்த்து, எனக்கு மட்டும் கேட்கும் குரலில், "தங்கச்சி, இது ரெண்டாம் பாகமில்ல. வேற புத்தகம்" என்றீர்கள்.

ஸைனப் என்று பெயர் வைத்தீர்கள்.

போன மாரியில் நெஞ்சுச்சளி கட்டி, ஒரு கிழமைக்குள் நீங்கள் போய்விட்டீர்கள். ஆண்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். நான் பின்வாசலில் ஸைனபை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றேன். நானா கடையிலிருந்து வரும்வரை அவள் இப்போது என்னோடுதான். சோறு ஊட்டுவதும் தலை பின்னுவதும் என் வேலை. நாலு வயது இன்னும் நிறையவில்லை. கதை சொன்னால் உட்காரமாட்டாள். ரஹீமாவைப்போல் அல்ல. மரத்தில் ஏறவும் கோழியைத் துரத்தவும்தான் ஆசை.

நேற்று உங்கள் உறவுக்காரப் பெண் ஒருத்தி வந்து, அவள் கன்னத்தைப் பிடித்து, "அப்படியே ரஹீமா ராத்தாவப் போலயே ஈக்கிறா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவள் போன பிறகு ஸைனப் என்னிடம் வந்து கேட்டாள்.

"மாமி, நான் ராத்தாவப் போலயா?"

எல்லோரையும்போல நானும் ஆமாம் என்று சொல்லியிருப்பேன், உங்களை அறியாதிருந்தால்.

"இல்ல கண்ணு" என்றேன். "அவ வேற. நீ வேற."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "அப்ப நான் யாரப் போல?"

"இன்னும் தெரியலியே. இருந்து பார்ப்போம்."

அந்தப் பதில் அவளுக்குப் பிடித்திருக்க வேண்டும். கையை உதறிக்கொண்டு முற்றத்துக்கு ஓடிவிட்டாள், ராத்தா.