நூலகத்துக்குப் பின்னால் ஓர் அறை

மார்ச் 3

அன்புள்ள இஞ்ச்டேப்புக்கு,

இந்தச் செல்லப்பெயரில் உன்னைக் கூப்பிட எனக்கு இன்னும் உரிமை இருக்கிறதா, தெரியவில்லை. வேறு எப்படித் தொடங்கினாலும் அலுவலகக் கடிதம் மாதிரி ஆகிவிடுகிறது.

நீ நலமாக இருப்பதாக உன் தம்பி சொன்னார். நீ வீட்டைவிட்டுப் போய் நான்கு வருடம் கழித்து எழுதுகிறேன், அதுவும் வேலை விஷயமாக. திட்டிவிட்டு மேலே படி.

எழுபது மீட்டர் உல்லாசக் கப்பல் ஒன்றுக்கு உள்ளமைப்பு வரைந்திருக்கிறேன். நான்கு தளம். உச்சியில் முதலாளியின் படுக்கையறை, மூன்று பக்கமும் கண்ணாடி. கீழே விருந்தினருக்கு ஆறு அறை. பின்பக்கச் சுவர் அப்படியே கடல்மேல் சாய்ந்து இறங்கும், அதில் நாற்காலி போட்டு உட்காரலாம். அவருடைய நாய்க்குத் தனிக் குளியலறை. மாதக் கடைசியில் படம் கப்பல் கட்டுமிடத்துக்குப் போயாக வேண்டும். அலுவலகத்தில் எல்லோரும் பிரமாதம் என்கிறார்கள். அதுதான் பயமாக இருக்கிறது. நீ இருந்தவரை என் படம் எதுவும் உன் சிவப்புப் பென்சிலிடமிருந்து தப்பியதில்லை.

மொட்டை மாடியில் சாக்பீஸால் கப்பல் அறைகளை முழு அளவில் வரைவோமே, ஞாபகம் இருக்கிறதா? தட்டில் எட்டு டம்ளர் தண்ணீரோடு நீ அறை அறையாக நடப்பாய். தண்ணீர் சிந்தினால், "இங்க இடிக்குதுங்க" என்பாய். பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "வீடு கட்டப் போறீங்களா?" என்றார். நீ, "இல்லைங்க, கப்பல்" என்றாய். அதற்குப் பிறகு அவர் நம்மோடு பேச்சையே குறைத்துக்கொண்டார்.

இப்போது கணினியில் நடக்கிறேன். அதில் தண்ணீர் சிந்துவதில்லை. படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். பார்த்துச் சொல்வாயா?

உன்
கேப்டன்
(படகில் கால் வைத்தால் இன்னும் வாந்திதான்)

மார்ச் 11

அன்புள்ள உங்களுக்கு,

படம் வந்தது. பார்க்காமல் திருப்பி அனுப்பிவிடலாம் என்றுதான் இரண்டு நாள் வைத்திருந்தேன். கை கேட்கவில்லை.

அழுக்குத் துணி எடுத்துப் போகிறவர்கள் விருந்துக்கூடம் வழியாகப் போகிறார்கள். முதலாளி சூப் குடிக்கும்போது அவர் போர்வையே அவரைத் தாண்டிப் போகும். மேல்தளச் சமையலறைக் கதவு தப்பான பக்கம் திறக்கிறது, தட்டோடு வருகிறவர் முகத்தில்தான் இடிக்கும். பதினான்கு பணியாளர்கள் சாப்பிடும் அறைக்கு ஒரு ஜன்னல் இல்லை. கடலில் வேலை பார்த்துக் கடலையே பார்க்காமல் சாப்பிட வேண்டுமா? நாய்க்கு மட்டும் வட்ட ஜன்னல் வைத்திருக்கிறீர்கள்.

இன்னொன்று. நூலகத்துக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. அதற்குப் பெயர் எழுதவில்லை, பட்டியலிலும் இல்லை. ஒரு மேசை, வலப்பக்கம் ஜன்னல், இடப்பக்கம் இழுப்பறை. இடக்கைக்காரர்களுக்குத்தான் அப்படிப் போடுவார்கள், கையின் நிழல் தாளில் விழாமலிருக்க. உங்கள் முதலாளி வலக்கையால் கையெழுத்துப் போடும் படத்தைப் பத்திரிகையில் பார்த்தேன். இந்த அறை யாருக்கு?

நம் வீட்டையும் நீங்கள்தான் வரைந்தீர்கள். உங்களுக்கு ஓர் அறை, விருந்தாளிக்கு ஓர் அறை, செருப்புக்குக்கூட ஓர் இடம். நான் பன்னிரண்டு வருடம் சாப்பாட்டு மேசையில் வேலை பார்த்தேன். வேளைக்கு வேளை, "கொஞ்சம் மேசையை ஒழிச்சுக் கொடேன்" என்பீர்கள். சிரித்துக்கொண்டேதான் சொல்வீர்கள், அதனால் சண்டை போடவும் முடியவில்லை. ஒரு நாள் சுருட்டி வைத்த படங்களை மறுபடி விரிக்க மனம் வரவில்லை. பெட்டியில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன். ஏன் போனேன் என்று நீங்கள் கேட்கவே இல்லை.

கேட்டதற்குப் பதில் எழுதிவிட்டேன்.

இப்படிக்கு,
நான்

மார்ச் 19

அன்புள்ள இஞ்ச்டேப்புக்கு,

உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு படத்தைப் பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த அறையை வரைந்தபோது யாருக்கு என்று நான் யோசிக்கவில்லை. மூலையில் இடம் மிஞ்சியது, கை போட்டுவிட்டது. உன் இடக்கைக்கு வேண்டியது என் கைக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியாமல் போயிற்று. வெட்கமாக இருக்கிறது.

அந்த அறையை அழித்துவிட்டேன். துணி எடுத்துப் போகிற வழி இனி அங்கேதான். மது வைக்கும் அறையை உள்ளே தள்ளி, பணியாளர் சாப்பிடும் இடத்துக்கு இரண்டு ஜன்னல் கொடுத்தாயிற்று. கதவையும் திருப்பியாயிற்று. திருத்திய படம் இத்துடன்.

வீட்டில் என் அறையைக் காலி செய்துவிட்டேன். நாலு நாளாகச் சாப்பாட்டு மேசையில் நான்தான் வரைகிறேன், பசித்தால் நானே சுருட்டி வைக்கிறேன். நாலு நாளுக்கே எரிச்சல் தாங்கவில்லை. நீ பன்னிரண்டு வருடம் எப்படி இருந்தாய்?

காலி அறைத் தரையில் சாக்பீஸால் ஒரு மேசை வரைந்து வைத்திருக்கிறேன். அளவு சரியா, தெரியவில்லை. நீ இல்லாமல் எனக்கு எதுவும் சரியாக வரவில்லை என்பதை இவ்வளவு நாள் வேலை விஷயமாக மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். வந்து பார்.

உன்
கேப்டன்

மார்ச் 27

அன்புள்ள கேப்டனுக்கு,

கப்பல் படம் சரி. அனுப்பிவிடுங்கள்.

வீட்டு விஷயம். மேசை நீளம் ஆறடி, அகலம் இரண்டரை. வெளிச்சம் வலப்பக்கமிருந்து வர வேண்டும். உங்கள் அறையில் உட்கார்ந்தால் ஜன்னல் இடப்பக்கம் இருக்கும், அதை மறந்துவிட்டு வரைந்திருப்பீர்கள். மேசையைத் திருப்பிப் போட்டால் கதவு இடிக்கும். கதவையும் மாற்ற வேண்டும், தாழ்ப்பாள் உள்பக்கம். நான் வரும்வரை தச்சரைக் கூப்பிட்டுவிடாதீர்கள், உங்கள் அளவை நம்பி ஒரு வீட்டில் இருந்து பார்த்தாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வருகிறேன். பெட்டி கொண்டுவரவில்லை, இஞ்ச்டேப் மட்டும்தான். பெட்டியைப் பற்றி அப்புறம் பேசலாம்.

தட்டில் எட்டு டம்ளர் நிறையத் தண்ணீர் எடுத்து வையுங்கள். இந்தத் தடவை நீங்கள் தூக்கிக்கொண்டு நடங்கள். நான் என் மேசையில் உட்கார்ந்து பார்க்கிறேன்.

இஞ்ச்டேப்