எழுவரைக் கொன்ற கல்லெறி பொறியும் அதை அமைத்த ஆசானும்

மலை நம்மைக் காக்க, மழை பொய்யாது வாய்க்க, மன்றத்தின் நீதி யார்க்கும் சாயாது நிற்க. வேங்கைநாட்டு மன்னர் பெருவேளின் இளைய மகனும் வடமதில் படைக்குத் தலைவனுமாகிய பரிதிவேள், மூதூர் அறமன்றத் தலைவர் ஆதனழகனார்க்கு விடுக்கும் ஓலை. தங்களுக்கும் தங்கள் மன்றத்தார்க்கும் மூதூரின் குடிகள் அனைவர்க்கும் நலமே விளைக.

பொறிச்சாலை ஆசான் செங்கோடனாரைக் கழுவேற்றத் தாங்கள் தீர்ப்பளித்ததையும், வரும் முழுநிலா நாள் அதற்குக் குறிக்கப்பட்டதையும் இன்று காலையில்தான் அறிந்தேன். தலையில் பட்ட காயத்தால் பதினோரு நாள் நினைவின்றிக் கிடந்தேன். என் பெயரைக் காப்பதாக எண்ணி என் படையினர் வாய் மூடி இருந்துவிட்டனர். அவர்கள் மன்றத்தில் சொல்லாததை நான் சொல்கிறேன்.

இருபது ஆண்டுகளாக மாணவர்க்குப் பொறி அமைக்கக் கற்பித்து வரும் அவருடைய சாலையில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாகச் செய்த பொறி எதுவாயினும் பாரத்தைக் கூட்டிக் கூட்டி அதை உடைப்பார்கள். உடைந்த இடத்தைச் சூழ்ந்து நின்று மாணவர் ஒவ்வொருவரும் காரணம் சொல்ல வேண்டும். அதன் பின்னரே அடுத்ததைச் செய்யத் தொடங்குவார்கள். புதிய கல்லெறி பொறிக்காக, கல்லை வீசும் நெடுமரங்களாகிய துலாக்கைகள் ஐந்து அவ்வாறு உடைந்திருந்தன. ஆறாவது, பழைய பொறிகளைவிட இருமடங்கு தொலைவுக்குக் கல்லை வீசியது.

கீழ்க்கரைப் படை ஆற்றைக் கடந்த செய்தி வந்த அன்று, நாற்பது வீரருடன் சென்று அந்தப் பொறியைக் கேட்டேன். இன்னும் பன்னிரண்டு நாள் வேண்டும் என்றார். மறுத்தேன். அப்போது அவர் சொன்னதைச் சொல் மாறாமல் எழுதுகிறேன்: "இளவரசே, இது எங்கே உடையும் என்று எனக்கு இன்னும் தெரியாது. தெரியாத ஒன்றை உங்கள் வீரர் கையில் எப்படிக் கொடுப்பேன்?"

வாளுறையால் அவர் வாயில் அடித்தேன். பற்கள் இரண்டு மண்ணில் விழுந்தன. மாணவர் பார்த்திருக்க அதைச் செய்தேன். பொறி ஏறிய வண்டியின் பின்னே, வாயைத் துணியால் பொத்திக்கொண்டு, மாணவர் ஒன்பது பேருடன் அவர் வடமதில்வரை நடந்தே வந்தார்.

மூன்றாம் நாள் முற்பகலில் எதிரிகள் மதிலை மோதினர். முதல் இரு கற்களும் அவர்களுடைய ஏணிகளை ஏறிநின்றவரோடு சேர்த்து முறித்தன. களிப்பில், இன்னும் பெரிய கல்லை ஏற்றச் சொன்னேன். வேண்டாம் என்று ஆசான் கையசைத்ததைக் கண்டும் காணாதவன்போல் இருந்தேன். துலாக்கை, அச்சைச் செருகிய துளையில் பிளந்தது. மேற்பாதி பின்னோக்கிச் சுழன்று, கயிறு பிடித்து நின்ற நம் வீரர் எழுவரை மதிலோடு வைத்து நசுக்கியது. அவர்களில் நால்வரைப் பெற்றவளாலும் முகம் பார்த்து அறிய முடியாது. ஏற்றிய கல் நம் மதில்மேலேயே விழுந்து அதை உடைத்தது. அந்த உடைப்பின் வழியே கீழ்க்கரையார் வாளோடு புகுந்தனர்.

நம்மவர் பலர் ஓடினர். செங்கோடனார் ஓடவில்லை. குருதியில் வழுக்கி விழுந்து எழுந்து, பிளந்த முனையை அறுத்து எறியச் செய்தார். இனித் துளையே வேண்டாம், அச்சை மரத்தின் அடியில் பச்சைத் தோலால் கட்டுங்கள் என்று மாணவரை ஏவினார். ஒரு நாழிகை நேரம் நாங்கள் உடைப்பை உடலால் மறித்து நின்று வெட்டுப்பட்டோம். பதுமன் என்ற மூத்த மாணவன் அந்தத் தோற்கட்டினை இறுக்கிக்கொண்டிருக்கையில் வேல் அவன் தொண்டையில் பாய்ந்தது. அவன் விரல்களைப் பிரித்துத் தோல்வாரை எடுத்து, ஆசானே முடிச்சிட்டார்.

குறுகிப்போன அந்தப் பொறி நெடுந்தொலைவு வீசாது. ஆயினும் மதிலடியில் நெருக்கி நின்றவர்மேல் வீசியது. கல் விழுந்த இடத்தில் ஆள் இருந்த அடையாளம் கை, கால், தலையோட்டுத் துண்டு இவையே. இருபத்திரண்டு வீச்சுக்குப் பின் பிணங்களே உடைப்பை அடைத்தன. மதில் நின்றது. அதைக் கண்ட பின்னரே, தலையில் பட்ட வெட்டால் நான் நினைவிழந்து வீழ்ந்தேன்.

எழுவரைக் கொன்ற பொறி யாருடையது என்று தாங்கள் வினவ, தன்னுடையது என்றாராம் அவர். மரம் மிகுதியாகப் பாரம் தாங்கும் இடத்தில் துளையிட்டது தன் பிழை என்றும் ஒப்புக்கொண்டாராம். என்னைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அந்தப் பிழையைக் கண்டறியத்தான் அவர் பன்னிரண்டு நாள் கேட்டார். அதைத் தராதவன் நான். பெரிய கல்லை ஏற்றச் சொன்னவனும் நான்.

ஆதலால் கட்டளை இது. ஓலை கண்ட பொழுதே ஆசானின் விலங்கைத் தாங்களே தங்கள் கையால் கழற்றுக. இறந்த எழுவரின் வீட்டாரையும் பதுமனின் தந்தையையும் அழைத்து, இவ்வோலையை ஒரு சொல்லும் குறைக்காது படித்துக் காட்டுக. பிளந்த துலாக்கையைக் கழுவாமல் வண்டியில் அனுப்பியிருக்கிறேன். அதைப் பொறிச்சாலையில் சேர்ப்பித்து, மாணவர் பார்க்கக் கிடத்துக. சிறையில் அவர் கேட்டது அது ஒன்றே என அறிந்தேன்.

கழுமரத்தைப் பிடுங்க வேண்டாம். நடக்க இயன்ற அன்று வாளின்றி மன்றத்துக்கு வருவேன். மன்னன் மகன் என்று பாராது தீர்ப்புரைக்க.

வடமதில் பாசறையில், முழுநிலாவுக்கு நான்கு நாள் முன்னர், பரிதிவேள் தன் கையால் எழுதி, தன் மோதிரம் பதித்தது.