பேர் தெரியாத கிழவி

அண்ணை,

நேற்று மார்க்கம் நகரில் ஓர் அலுவலகத்தின் களஞ்சிய அறையை ஒதுக்கித் துப்புரவாக்கும்போது பழைய படச்சுருள் பெட்டி ஒன்று திறந்துகொண்டது. வினாகிரி போலப் புளித்த மணம். உடனே நூலகத்தின் இருட்டு மூலையில் உங்களுக்குப் பக்கத்தில் இருப்பதுபோல இருந்தது.

அஜின்கோர்ட் பகுதியில் நீங்களும் நானும் அறைத்தோழர்களாகப் பேஸ்மென்றில் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரி தன் முன்னோரைத் தேடிக்கொண்டிருந்தார். முன்னூற்றைம்பது வருடத்துக்கு முந்திய ஜேர்மன் கிராமம் ஒன்றின் தேவாலயப் பதிவேடுகள் படச்சுருளாக நூலகத்துக்கு வந்திருந்தன. அவருக்கு அந்த மொழி தெரியாது. கனடா வருமுன் எட்டு வருடம் ஜேர்மனியில் அகதியாக இருந்த உங்களுக்குத் தெரியும். சனிக்கிழமைகளில் உங்கள் இருவரையும் ஏற்றிக்கொண்டு நான் கார் ஓட்டினேன், நீங்கள் அங்கே திரையில் வாசித்தீர்கள். அந்தப் பழைய கையெழுத்து உங்களுக்கும் லேசில் பிடிபடவில்லை.

போருக்குப் பயந்து யாழ்ப்பாணத்துச் சனம் ஒட்டுமொத்தமாக ஊரைவிட்டு வெளிக்கிட்ட வருடம் அது. சாவகச்சேரிக்குப் போகும் வழியில் நெரிசலில் உங்கள் அம்மா காணாமல் போனார். உங்கள் தங்கச்சியின் கடிதத்தில் அதற்குமேல் ஒன்றும் இல்லை. நீங்களும் அதைப் பற்றிப் பேசவில்லை.

பனி கொட்டத் தொடங்கிய ஒரு சனிக்கிழமை, வீட்டுக்காரியின் மூதாதை ஒரு நெசவாளியின் வளர்ப்புப் பிள்ளை என்று திருமணப் பதிவில் கண்டீர்கள். பிள்ளை எங்கிருந்து வந்தது என்று பின்னோக்கித் தேடினீர்கள். ஓரிடத்தில் உங்கள் கை நின்றது.

"தம்பி, பாதிரியார் எழுதினதைக் கேளும். போருக்குத் தப்பி வந்த ஒரு கிழவி. பேர் ஒருத்தருக்கும் தெரியாது. தெருவில செத்துப்போனா. இண்டைக்கு அடக்கம். பேரனை நெசவாளி கூட்டிக்கொண்டு போனார்."

வீட்டுக்காரிக்கும் சொன்னீர்கள். தேடல் ஒரு பெயர்கூட இல்லாமல் முடிந்ததில் அவருக்கு ஏமாற்றம் இருந்திருக்கும். பிறகு என் பக்கம் திரும்பினீர்கள்.

"பேர் தெரியாட்டிலும் எழுதி வைச்சிருக்கிறார், பாரும். என்ர அம்மாவையும் ஆரும் எழுதியிருப்பினமோ?"

திரும்பும் வழியில் முதல் தடவையாக அம்மாவைப் பற்றிப் பேசினீர்கள். அவரின் பெயர், அவரின் தகப்பன் பெயர், பிறந்த ஊர், சிரிப்பு வந்தால் வாயைச் சேலைத் தலைப்பால் மூடுவது. வீட்டு வாசலில் காரை நிறுத்திய பிறகும் நீங்கள் பேசினீர்கள். தமிழ் ஒரு சொல்லும் தெரியாத அந்த மனுசி பின் சீற்றில் அசையாமல் இருந்தார்.

அம்மாவைப் பற்றிய சேதி கடைசிவரை வரவில்லை. உங்கள் நெஞ்சு அதற்குமேல் தாங்கவுமில்லை.

நீங்கள் போன அன்று ஆஸ்பத்திரியில் மரணப் பதிவுப் படிவத்தை நிரப்பியது நான்தான், அண்ணை. தாயின் பெயர் கேட்ட இடத்தில், ஆரிடமும் விசாரிக்காமல், முழுப்பெயரையும் எழுதினேன். அதைச் சொல்ல நீங்கள் இல்லை.

அந்தப் பெயர் இப்போதும் உங்கள் குரலில்தான் எனக்குக் கேட்கிறது.