என் பெயரில் போன பதில்

சொரோட்டி, உகாண்டா, செவ்வாய்

அன்பு மகள் அமோடிங்குக்கு அப்பா எமுரோன் எழுதுவது. நான் நலம், இதை என் கையாலேயே குத்தி எழுதுகிறேன், அதனால் இந்த நலத்தை நீ நம்பலாம். சின்ன வயதில் என்னிடம் விளையாட்டாகக் கற்ற பிரெய்ல் புள்ளியெழுத்து உன் விரலுக்கு மறந்திருக்காது, உன் கணவன் பிரித்தாலும் அவனுக்கு இது வெறும் மேடு பள்ளம்தான்.

நீ அனுப்பிய தொடுதிரை போன் எனக்கு வழுக்குகிற கண்ணாடி, இரண்டு வருடமாக உன் சித்தப்பா ஒக்கிரியாதான் படித்துச் சொல்லிப் பதிலும் அனுப்புகிறான். எப்போது கேட்டாலும் "சுகமா இருக்காளாம்ணே, ஜோகன்னஸ்பர்க்ல ஒரே குளிராம்" என்பான், வருடம் முழுக்கவா குளிர் என்று எனக்கு உறுத்தல். போன வாரம் அவனுக்குச் சொல்லாமல் போனை எடுத்துக்கொண்டு பார்வையற்றோர் சங்கத்துக்குப் போனேன். அங்கே வேலை பார்க்கும் அசெகென்யேவுக்கும் கண் தெரியாது, போனைத் தடவிப் பார்த்துவிட்டு "ஐயா, திரையில இருக்கறதை வாசிக்கிற குரல் இதுக்குள்ளயே தூங்குது, இத்தனை நாளா யாருமே சொல்லலையா?" என்றாள். யார் சொல்வார்கள்! சங்கத்து இணையத்தில்தான் அதை எழுப்ப முடிந்தது. அந்தக் குரலுக்கு நம் அட்டேசோ மொழி வராது, உன் சொற்களை ஆங்கில வாயால் கடித்துத் துப்பியது, அதையும் சந்தேகப்பட்டு எழுத்தெழுத்தாகச் சொல்ல வைத்தேன். உன் கணவன் அடிக்கிறான் என்று மூன்று முறை எழுதியிருக்கிறாய், பக்கத்திலேயே இருக்கிறான், பேச முடியாது, வீட்டுக்கு வரட்டுமா அப்பா என்று கேட்டிருக்கிறாய். கீழே என் பெயரில், புருஷன் வீடுதான் உன் வீடு, இங்கே வராதே என்று பதில் போயிருக்கிறது. மாப்பிள்ளை பார்த்தவன் ஒக்கிரியாதானே, தன் மானம் போகும் என்று பயந்தானோ, வேறு எதற்கோ, தெரியவில்லை. அவனிடம் இன்னும் கேட்கவில்லை, கேட்டால் உன் கணவன் காதுக்குப் போய்விடும். நேற்றும் போனை நீட்டினேன், "சுகந்தாண்ணே" என்றான், போனைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். அசெகென்யே உடனே செய்தி அனுப்பித் தருகிறேன் என்றாள், நான்தான் வேண்டாம் என்றேன். உன் போனை உன் கணவன் பார்க்கிறானோ என்னவோ, என் பெயரில் வருவதை நீயும் இனி எப்படி நம்புவாய். அதனால்தான் இந்தக் கடிதம், நீ வேலை செய்யும் தையல் கடைக்கு.

உன் பாஸ்போர்ட் யார் கையில் இருக்கிறது என்று முதலில் பார், யாரிடமும் சொல்லாமல் கிளம்பு. பஸ் சொரோட்டி வந்ததும் நேரே சங்கத்துக்கு வா, நம் வீட்டில் இடம் தயார், சித்தப்பனை நான் பார்த்துக்கொள்கிறேன். ஒக்கிரியா படிக்கும் என் போனுக்கு மட்டும் ஒன்றும் எழுதாதே. ஆண்டவர் உன்னை வழியெல்லாம் காக்கட்டும். வராதே என்று நான் ஒருநாளும் சொல்லவில்லை மகளே, வந்துவிடு.

இப்படிக்கு,
உன் அப்பா எமுரோன், தன் கையால்